கண்டியைத் தேடும் ஆண்டெனா

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில், வத்திராயிருப்பு பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஆடிக்காற்று ஆண்டெனாவைத் திருப்பிவிட்டதால் கடைக்காரர் மொட்டைமாடியில் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். கீழே அவர் மனைவி, கறுப்புவெள்ளை டிவியை விட்டு நகரவில்லை.

"ஏட்டி, தெரியுதா?" மேலிருந்து குரல்.

"ஒரே புள்ளியாத்தான் இருக்கு. இன்னும் கிழக்க திருப்புங்க!"

"என்ன படம்க்கா?" என்கிறேன்.

"படத்த யாரு பாத்தா? இலங்கை டிவில எப்பவாச்சும் கண்டியக் காட்டுவாக, சார். நான் பொறந்த தேயிலைத் தோட்டம் அங்கனதான். எங்க அக்கா இன்னும் கொழுந்து எடுக்கா. கலவரத்துக்குப் பொறவு ஒரு தாக்கலும் இல்ல, கடுதாசியும் இல்ல."

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பதிவு செய்வதுதான் ஊட்டியில் என் வேலை. தேற்ற வேறொன்றும் தெரியாமல் அதைச் சொல்கிறேன். பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பிய வெளிச்சம், வழியெல்லாம் இழுபட்டு ரேடியோ அலையாகி, ஆயிரம் கோடி வருஷத்துக்கும் மேலாகப் பயணம் செய்து வருகிறது. இந்தப் புள்ளிகளில் கொஞ்சம் அதுதான் என்கிறேன்.

அவர் திரையைத் தொட்டுப் பார்க்கிறார்.

"அம்புட்டு தூரத்துலருந்து வந்துருது. இந்தா இருக்கு கண்டி, அங்கருந்து வர மாட்டேங்குது."

"இப்ப தெரியுதா?" மேலே கடைக்காரர் கத்துகிறார்.

வத்திராயிருப்பு பஸ் வந்து நிற்கிறது. அதைப் போகவிட்டு, கம்பத்தின் மறுபக்கத்தைப் பிடிக்க மாடிப்படி ஏறுகிறேன்.