பூநாரையின் பச்சைக் கால்

தெருவில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்து, கையால் வண்ணம் தீட்டிய பழங்காலத்துப் பறவை, விலங்குப் படங்களுக்குக் கறை எடுத்து, கிழிசல் ஒட்டி, சட்டம் போட்டுக் கொடுப்பவர். அதற்கு எதற்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அவர் கைபட்டால் பூஞ்சை பிடித்த புலிகூட எழுந்து நிற்கும் என்பது உண்மைதான். அந்தப் பெருமைதான் அவருக்குத் தலைக்கேறியிருந்தது.

"படத்தைக் குடுத்தவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்களேன்" என்பாள், கடையில் கண்ணாடி வெட்டும் மனைவி.

"நோயாளியைக் கேட்டா ஆபரேஷன் பண்றாங்க?"

"ஆமா, கையெழுத்தே வாங்குறாங்க."

எதிர்வரிசைத் தையல் டீச்சர், வயதானவர், ஒரு பூநாரைப் படத்தைக் கொண்டுவந்தார். ஓரத்துப் பழுப்புப் புள்ளிகளை எடுத்துச் சட்டத்தை மாற்றினால் போதும் என்றார். டாக்டர் பிரித்துப் பார்த்தார். ஒரு கால் ரோஜா நிறம், இன்னொரு கால் பச்சை. யாரோ பள்ளிக்கூட வண்ணத்தைக் குழைத்துக் கோடு தாண்டிப் பூசியிருந்தார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பச்சை முழுவதையும் எடுத்தார். பிறகு முதல் காலுக்கு ஏற்ற ரோஜா நிறம் கலந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினார். டீச்சர் அசந்துபோவார் என்று நினைத்தார்.

டீச்சர் வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பச்சைக் கால் எங்க தம்பி?"

"எந்தப் பச்சை? ரெண்டும் ரோஸாத்தானே இருந்துச்சு?" வாய் முந்திக்கொண்டது. மனைவியின் கை கண்ணாடிமேல் அப்படியே நின்றது.

"அப்படியா? சின்ன வயசுல, நிறம் வெளுத்துப்போன அந்தக் காலுக்குப் பூச ரோஸ் தீந்துபோச்சுன்னு என் தங்கச்சி பச்சையைப் பூசிட்டா. அப்பாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. அவ கைபட்டதுன்னு எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்னு நினைச்சிட்டிருந்தேன்." டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மறதி வந்துருச்சுன்னு பசங்க சொல்லிட்டேதான் இருக்காங்க. தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி."

அவர் மன்னிப்புக் கேட்கிறார், அதுவும் இவரிடம்! டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. மனைவி திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தவறு தன்னுடையது போல. அதுதான் அவரை உலுக்கியது. குப்பைக் கூடையைக் கிளறி, காய்ந்து சுருங்கிய பச்சைப் பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்கு மறதியெல்லாம் இல்லை டீச்சர். நான்தான் அழிச்சேன். பொய்யும் சொன்னேன்." தூரிகையைக் கையிலெடுத்தார். "அதே பச்சையை நானே திரும்ப..."

"நீங்க பூசினா அது உங்க பச்சை தம்பி."

டீச்சர் பஞ்சை எடுத்து, தன் பையிலிருந்த பொத்தான் டப்பாவுக்குள் வைத்து மூடினார். படத்தைத் தொடவில்லை. "இதை நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்தப் பூநாரை இப்போது கடைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ஒரு குறைகூடத் தெரியலையே டாக்டர்" என்கிறார்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.