சுவரில் ஏறாத படம்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணப் படம், பிள்ளைகளோடு எடுத்த குடும்பப் படம் எல்லாம் சுவரில் தொங்கலாம். ஒற்றை ஆளாக எடுத்த படம் சட்டம் போட்டு ஏறினால், அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். டெக்சாஸில், சுகர் லேண்ட் என்கிற ஊரில் என் பெரிய மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரில் என் வீட்டுக்காரர் படம் மட்டும்தான் தொங்கியது. சின்னவன் படம் என் பெட்டிக்குள் நூல் சேலை மடிப்பில் இருந்தது.

சின்னவன் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனவன். தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் அங்கே சண்டை வந்தது. நம் ஆட்கள் பாலைவனம் வழியாக பஸ்ஸில் ஜோர்டானுக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். இவன் வரவில்லை. அவனோடு ஒரே அறையில் இருந்தவர் ஊருக்கு வந்து எங்கள் வாசலில் நின்று சொன்னதுதான் கடைசிச் செய்தி.

"எங்க பாஸ்போர்ட்டெல்லாம் கையில இருந்துச்சும்மா. அவனோடது மட்டும் மொதலாளி வீட்டுல மாட்டிக்கிச்சு. நீங்க ஏறுங்க, நான் வாங்கிட்டு அடுத்த பஸ்ல வாரேன்னு சொன்னான்."

பெரியவன் எழுதாத ஆபீஸ் இல்லை. ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. பிறகு அவன் என்னை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவன் அப்பாவுக்குப் படையல் போடுவோம். என் மருமகள் சென்னைப் பெண். நல்லவள், வெடுக்கென்று பேசுவாள். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை, எத்தனை இலை?" என்று கேட்பாள். "ஒண்ணுதான்" என்பேன். அவளும் ஒரே இலையை எடுத்து வைப்பாள்.

ஒருமுறை கோயிலிலிருந்து திரும்பும்போது பெரியவன் காரை ஓட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ம்மா, குருக்கள்கிட்ட கேட்டேன். காணாமப் போனவங்களுக்கு, வருஷம் ஆயிட்டா, தர்ப்பையில உருவம் செஞ்சு காரியம் பண்ணலாமாம். பண்ணிடலாமாம்மா?"

"அடுத்த பஸ்ல வாரேன்னு சொன்னவன்டா அவன்."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மியூசியம் பற்றி முதலில் சொன்னது பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ் ஆண்ட்டி. மதுரைப் பக்கத்துக்காரி, என்னைவிட வயதில் சின்னவள். அவளும் அவள் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார்கள். இந்த நாட்டில் ஒருவர் ஜனாதிபதியாக இருந்து இறங்கிவிட்டால் அவர் பெயரில் லைப்ரரி என்று ஒரு பெரிய கட்டடம் கட்டி, அவர் காலத்துக் காகிதம், அவருக்கு வந்த பரிசு எல்லாவற்றையும் அதில் வைப்பார்களாம். குவைத் சண்டை நடந்த காலத்து ஜனாதிபதிக்கு டெக்சாஸிலேயே அப்படி ஒன்று திறந்திருக்கிறார்கள் என்றாள்.

"அவரு வீட்டு நாய்க்குக்கூட அங்க படம் வச்சிருக்காங்கம்மா" என்று சிரித்தாள். "நாய் என்னத்த சாப்பிட்டுச்சுங்கிறது வரைக்கும் எழுதி வச்சிருப்பாங்க போல."

நான் சிரிக்கவில்லை. நாய் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறவர்கள் அந்த ஊரில் மாட்டிக்கொண்ட மனிதர்களை எழுதி வைக்காமலா இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். லைப்ரரி என்றால் கேட்டதை எடுத்துக் கொடுக்கிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். எதையும் வாய் திறந்து கேட்டுப் பழக்கமில்லாதவள், அன்றைக்கு மருமகளிடம், "என்னை அங்கே ஒரு தடவை கூட்டிட்டுப் போறியாம்மா?" என்று கேட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே லீவ் போட்டுவிட்டு கார் எடுத்தாள். பெரியவனுக்கு அன்றைக்கு வேலை.

வழியெல்லாம் புல்வெளியும் மாடுகளும். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். படம் அதற்குள் இருந்தது.

உள்ளே குளிர் உறைத்தது. குவைத் சண்டைக்கென்று தனி இடம் இருந்தது. தரையில் மணல் கொட்டி, கூடாரம் அடித்து, சிப்பாய்கள் போட்ட பூட்ஸை வைத்திருந்தார்கள். ஒரு டிவியில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தன. அதன் நடுவில் கொஞ்ச நேரம், எல்லையில் பெட்டியும் மூட்டையுமாக மக்கள் வரிசையில் நிற்பதைக் காட்டினார்கள். நம் ஆட்கள். லுங்கி கட்டினவர்கள்கூட இருந்தார்கள். நான் டிவியை ஒட்டிப் போய் நின்றேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது. மறுபடி கிணறு எரிந்து, விமானம் பறந்து, அந்த வரிசை வரும்வரை காத்திருந்தேன். வந்தது. நீலச் சட்டைக்காரன் ஒருவன் திரும்புவதற்குள் போய்விட்டது.

"அத்தை, அது அதே வீடியோதான். திரும்பத் திரும்ப ஓடும்."

"தெரியும். இன்னொரு தடவை வரட்டும்."

மருமகள் என் பின்னால் நின்றாள். எத்தனை முறை வந்தாலும் அந்த நீலச் சட்டைக்காரன் முழுசாகத் திரும்பவே இல்லை.

அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல என் வயதில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்தார். நான் மருமகளைத் தொட்டு, "குவைத்துல நின்னுபோனவங்க பேரு இங்க வச்சிருக்கிற காகிதத்துல இருக்குமான்னு கேளு" என்றேன். மருமகள் கேட்டாள். அந்த அம்மா நின்று நிதானமாக வெகுநேரம் பதில் சொன்னார்.

"இல்லையாம் அத்தை."

"அவங்க அவ்வளவு நேரம் பேசுனாங்க, நீ ஒரே வார்த்தையில முடிக்கிறியே."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னாள். அங்கே இருப்பதெல்லாம் ஜனாதிபதி ஆபீஸ் காகிதமாம். பெட்டி பெட்டியாக இருக்கிறதாம், பாதி இன்னும் திறக்கவே இல்லையாம். வேலைக்குப் போனவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்காதாம்.

"ஒரு பெட்டியிலகூடவா இருக்காது?"

"எந்தப் பெட்டின்னு கேக்கறது அத்தை?"

நான் படத்தை வெளியே எடுத்தேன். லாரியில் சாய்ந்து, கூலிங் கிளாஸ் போட்டு, சட்டைப் பையில் சீப்பு தெரிய நிற்கிற படம். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பிறகு மருமகளிடம் ஏதோ சொன்னார். அந்தச் சண்டை தங்கள் வீட்டில் என்ன செய்தது என்று பொதுஜனங்களே சொல்லும்படியாக ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். இந்தப் பக்கத்து ஜனங்கள் பல பேர் படம் கொடுத்திருக்கிறார்களாம். இந்தப் படத்தையும் கொடுத்தால் பெரிதாக்கி வைத்துவிட்டு, முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்புவார்களாம்.

"உங்க இஷ்டம் அத்தை. வேணாம்னா வேணாம்."

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனவர்கள் படத்தை ஒட்டி வைப்பார்கள். பார்க்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் ஒட்டுவது. இங்கேயும் ஜனங்கள் வருகிறார்கள். அந்த மணலில் நின்று சண்டை போட்ட சிப்பாய்களே வருகிறார்கள். எவராவது ஒருவர் நின்று, இந்தப் பையனை நான் பார்த்திருக்கிறேனே என்று சொல்ல மாட்டாரா. அப்படி நினைத்துத்தான் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்போது கைப்பை வெறுமையாக இருந்தது. ஆனாலும் ஊரை விட்டு வந்த பிறகு அந்த ஒரு நாள்தான் எனக்கு மனசு லேசாக இருந்தது.

கண்காட்சி திறக்கிற நாளில் பெரியவனும் லீவ் போட்டான். ஆண்ட்டியும் அவள் வீட்டுக்காரரும் தங்கள் வேனிலேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் ஆண்ட்டி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, "மியூசியத்துக்குள்ள சாப்பிட்டா செவுத்துல இருக்கிற ஜனாதிபதி மொறைப்பாரு, இங்கயே முடிச்சிருங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வெள்ளைக் காகிதப் பூ கொடுத்தார்கள். மனசைத் தொட்ட படத்தின் முன்னால் வைக்கலாமாம்.

உள்ளே நீள மேசை மேல் கறுப்புத் துணி விரித்து, படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பெரும்பாலும் சிப்பாய்ப் பிள்ளைகள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு. நிஜச் சுடர் மாதிரியே அது ஆடியது. கடைசியில் என் பிள்ளை. கறுப்புச் சட்டத்துக்குள் பெரிதாக, கூலிங் கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னாலும் விளக்கு. அதைச் சுற்றி வெள்ளைப் பூ குவிந்திருந்தது.

நான் மேசையை விட்டு ஓரடி தள்ளி நின்றேன். ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. குனிந்து பார்த்துப் போகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ரொம்ப நேரம் நின்றார். அங்கே போய் வந்த சிப்பாய் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அவர்கிட்ட கேளும்மா. இவனைப் பார்த்திருக்காரான்னு கேளு."

மருமகள் கேட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்துவிட்டு, தன் பூவை வைத்துப் போய்விட்டார்.

அப்போதுதான் ஆண்ட்டியின் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். அந்தக் கார்ப்பெட்டின் மேல், அத்தனை வெள்ளைக்காரர் நடுவில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் பிள்ளை முன்னால் நின்று கும்பிட்டார். ஆண்ட்டி தலையில் வைத்திருந்த, தன் வீட்டுத் தொட்டியில் பூத்த மல்லிகையை எடுத்துச் சட்டத்தின் மேல் சாத்தினாள். கையைக் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விளக்கும் பூவும் இருக்கிற படத்தின் முன்னால் நம் ஜனங்கள் வேறு என்ன செய்வார்கள்?

வேண்டாம், எடுத்துவிடு என்று சொல்ல நினைத்தேன். நாலு பேர் நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை. பெரியவனாவது சொல்லுவான் என்று திரும்பினேன். அவனும் கும்பிட்டுக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. தம்பிக்காக அவன் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. என் முன்னால் அழக்கூடாது என்று அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்தான் போலிருக்கிறது.

அந்த வெள்ளைக்கார அம்மா வந்து என் முதுகில் கை வைத்தார். என் கையிலிருந்த பூவையும் படத்தையும் காட்டினார். நான் பூவை வைக்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதே வேனில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் ஆண்ட்டி கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டாள். அவள் கிளம்புகிற லட்சணம் எனக்குத் தெரியும். போய்ட்டு வரேம்மா என்று உள்ளே சொல்லி, வாசலில் சொல்லி, வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை சொல்லுவாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து ஏறி உட்கார்ந்தாள். வேன் போய்விட்டது. துக்க வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் கிளம்புவார்கள்.

நான் நேராக மாடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வெளியே வந்தபோது கதவுப் பிடியில் மருமகள் துவைத்த சேலையை மடித்துப் போட்டிருந்தாள். கீழே பெரியவன் தலையும் ஈரமாக இருந்தது. சாமி விளக்கை அன்றைக்கு யாரும் ஏற்றவில்லை. செத்துவிட்டான் என்று எவரும் சொல்லவில்லை. எந்த ஊரிலிருந்தும் புதிதாக ஒரு செய்தி வரவில்லை. நேற்று எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அன்றைக்கும் தெரியும். நாங்கள் தலை முழுகிவிட்டோம், அவ்வளவுதான்.

குளித்தால் மனசு ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. முன்பெல்லாம் காலிங் பெல் அடித்தால் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். அதுவும் இல்லாமல் போயிற்று. யாராவது அடித்தால், யாராவது போய்த் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கண்காட்சி முடிந்து படம் தபாலில் வந்தது. பஞ்சு வைத்துச் சுற்றி, அந்தக் கறுப்புச் சட்டத்தோடே அனுப்பியிருந்தார்கள். மேசை மேல் அது ரெண்டு நாள் கிடந்தது. யாரும் அதை என் பெட்டிக்குள் வைக்கச் சொல்லவில்லை. நானும் எடுத்துப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, அவன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆணி அடித்தான். மாட்டிவிட்டு நாலடி பின்னால் வந்து நின்றான்.

"நேரா இருக்காம்மா?"

கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

"இருக்கு" என்றேன்.