சேலை போர்த்திய பிரிட்ஜ்

சூரிய மின்சாரச் சங்கத்து ஆட்கள் சாம்பல்தீவில் வீடு வீடாக வருகினம் என்று மச்சாள் சொன்னா. கரண்ட் எங்கே வீணாகுது என்று பார்த்து, கூரைக்குச் சூரியத் தகடும் போடுவினமாம். நான் நம்பவில்லை. வீட்டில் என்ன சாமான் இருக்கு என்று, அரசாங்கத்துக்கு ஊர்க் கணக்குக் கொடுக்கிற விதானையார் அறிந்தால் நிவாரணக் காசை வெட்டிப்போடுவார். அதில்தான் நான் மருந்து வாங்குகிறேன். மகள் தந்த பிரிட்ஜைப் பழைய சேலையால் மூடி வைத்தேன்.

சங்கத்துப் பிள்ளை குசினிக்குள் வந்து அதைப் பார்த்தாள்.

“உடுப்பு அலுமாரி” என்றேன்.

“உங்கட அலுமாரி உறுமுது, அம்மா.”

வாசலில் நின்ற மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தா. பிள்ளை சேலையை விலக்கிக் கதவைத் தடவினாள்.

“ரப்பர் கிழிஞ்சிருக்கு. இப்பிடிப் போர்த்தால் இன்னும் கரண்ட் இழுக்கும்.”

“விதானையாரிட்டச் சொல்லுவீங்களோ?”

“ஐயோ, அவருக்கும் எங்களுக்கும் ஒரு கதையும் இல்லை.”

எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். ரப்பரை மட்டும் மாற்ற விட்டேன். கூரையில் ஏற விடவில்லை. மேலே தகடு பளபளத்தால், றோட்டால் போகிற விதானையாருக்குக் கண் தெரியாதோ?