மாதிரி ஆல்பம் இல்லாதவள்

ஷஃபீனா எதையும் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவள் இல்லை. மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அரிசி என்றால் நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பாள். புடவைக் கடையில் விளக்கடியில் பிரித்துப் போடுவதை நம்பாமல், வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரிப்பாள். காரைக்கால் கடைக்காரர்கள் இதற்குப் பழகிப் போய்விட்டார்கள். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தல்காரரிடம் பேசவும் சமையல் பண்டாரியின் தாளிச்சாவை ருசி பார்க்கவும் அவளைத்தான் கூட்டிப் போவார்கள்.

பிறவிக் குணம் இல்லை அது. கல்யாணமான முதல் வருஷமே கணவர் அஜ்மீர் குவைத்துக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு அவள் தனியாக வாங்கிய முதல் பொருள் கிணற்றுக்கு ஒரு மோட்டார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வாங்கி வந்தாள். ஒரு வாரத்தில் புகைந்து போனது. அதற்கப்புறம் கொத்தனார், குழாய்க்காரர், மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நேரில் பார்த்து, தட்டிப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்துத்தான் முடிவு செய்தாள். அஜ்மீர் விடுப்பில் வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும். யார் பார்த்து வாங்கியது என்று அவர் கேட்டதில்லை.

மகள் அஃபீஃபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அஸ்ஃபாக் இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறவர் என்பதால் மாடியில் ஓர் அறை எழும்பியது. மண்டபம், சாப்பாடு, மருதாணிக்காரி என்று ஒவ்வொன்றாக ஷஃபீனா முடித்துக்கொண்டே வந்தாள். போட்டோகிராபரில் வந்து நின்றது.

அஜ்மீர் வேலை பார்க்கும் கம்பெனி கை மாறிக்கொண்டிருந்தது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் விடுப்பு என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலோ தேதியைத் தள்ள முடியாத நிலை. ஒரு நாள் போனில் அவர் வேறு எதையும் பேசவில்லை.

"கல்யாணத்துக்கு நான் இல்ல. எனக்கு அந்தப் படந்தான் கல்யாணம். நல்ல ஆளாப் பாத்துப் புடி."

மகளிடம் வேறொரு நிபந்தனை இருந்தது. அஃபீஃபா ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். கூடப் படித்த ஒருத்தியின் கல்யாணப் படம், பக்கத்து ஊர் அழகு நிலையம் ஒன்றின் வாசல் பலகையில் ஆளுயரத்துக்கு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் அண்ணன் போய்ச் சண்டை போட்டுக் கழற்ற வைப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் முக்காடில்லாமல், நகையும் பூவுமாக உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படம் அது.

"எடுக்கலாம் உம்மா. ஆனா நம்ம வீட்டு ஆளுங்களத் தவிர வேற யார் கைக்கும் அது போவக்கூடாது. நீங்க பொறுப்பு ஏத்துக்கிறதா இருந்தா கேமராவ உள்ள விடுங்க. இல்லன்னா வேணாம், விட்டுருங்க" என்றாள்.

கேமரா இல்லையென்றால் வாப்பாவுக்குக் கல்யாணம் இல்லை. கேமராவை விட்டுத் தப்பாகப் போனால் மகளின் முகம் ஊருக்கு. ஷஃபீனா பொறுப்பு ஏற்றுக்கொண்டாள். வழக்கம்போல விசாரிக்கத் தொடங்கினாள்.

முதலில் வந்தவள் குரும்பகரத்து ஆரோக்கியசெல்வி. பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்டதும் யாரோ எண் கொடுத்திருந்தார்கள். பைக்கில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை. பேச்சு குறைவு. மாதிரி ஆல்பம் எங்கே என்று ஷஃபீனா கேட்டபோது போனை நீட்டினாள். அதில் மாதா கோயில் தேர் இருந்தது, ஞானஸ்நானக் குழந்தைகள் இருந்தார்கள், மழைக்கு முந்திய நெல்வயல் ஒன்று இருந்தது. கல்யாணம் ஒன்றுகூட இல்லை.

கல்யாணமே எடுத்ததில்லையா என்று கேட்டதற்கு, எடுத்திருக்கிறேன், அதெல்லாம் அவரவர் வீட்டில் இருக்கிறது என்றாள். ஷஃபீனா டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். அவள் போன பிறகு மகளிடம், துணியைக் காட்டாத கடையில் புடவை எடுப்பார்களா என்று கேட்டுச் சிரித்தாள்.

அடுத்து, கோட்டுச்சேரிப் பக்கம் கிளாட்வினின் ஸ்டூடியோ. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுக்கக் கடற்கரையில் ஓடும் ஜோடிகள். அவர் கேட்காமலே விஷயத்தைப் புரிந்துகொண்டார். முஸ்லிம் வீட்டுக் கல்யாணமென்றால் பெண்கள் பக்கத்துக்குத் தனியாகப் பெண்களை அனுப்புவதாகவும், அந்த ஆல்பங்களைப் பூட்டிய அலமாரியில் வைத்திருப்பதாகவும், பெண்கள் வந்து கேட்டால் மட்டும் காட்டுவதாகவும் சொன்னார். சாவியை எடுத்துத் திறந்தும் காட்டினார்.

ஷஃபீனா ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காகிதத்தைத் தடவினாள். கருகமணியின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு மணப்பெண் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் நகர்ந்திருந்தது, அதுவும் அழகாகத்தான் இருந்தது. மேசைக்கு அந்தப்புறமிருந்தே கிளாட்வின் பெருமையாகச் சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்குக் கழுத்துல இந்தப் பக்கம் பெரிய தழும்புக்கா. சின்ன வயசுல சுடுதண்ணி கொட்டுனது. எப்புடி எடுத்துருக்கோம் பாருங்க, தெரியுதா?"

தெரியவில்லை. ஷஃபீனா படத்தை வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தாள். தோல் பால்போல இருந்தது. மறுநாள் முன்பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் பணம் எடுக்க வங்கிக்குப் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் கருப்புப் புர்காவில் ஒரு பெண் நின்றாள். முகம் மட்டும் தெரிய, கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக் குத்தியிருந்தாள். யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியவளைக் கண்டதும் ஷஃபீனாவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. நெற்றிச்சுட்டி நகர்ந்த பெண். முடி சுருட்டை, இடுப்பு வரை இருக்கும், சிரித்தால் தலை இடது பக்கம் சாயும், குத்தியிருக்கும் துணிக்குள்ளே தழும்பு இருக்கிறது. பேர் மட்டும்தான் தெரியாது.

அந்தப் பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவளைப் பார்த்துச் சிரித்தாள். தலை இடது பக்கம் சாய்ந்தது.

"என்ன மாமி, எங்கயாச்சும் பாத்த மாதிரி இருக்கா?"

"இல்லமா. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

ஷஃபீனா வரிசையை விட்டு வெளியே வந்தாள். பணம் எடுக்கவில்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் ஊசி குத்தி மூடி வைத்ததை, காகிதம் நன்றாயிருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் பார்த்தாகிவிட்டது. கிளாட்வினும் பார்த்திருக்கிறார். தழும்பை அழிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதானே அழிக்க வேண்டும்.

அவள் சண்டைக்காரி இல்லை. அங்கிருந்து நேராகக் கோட்டுச்சேரிக்குப் பஸ் ஏறினாள். கிளாட்வின் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அவள் உட்காராமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தச் சுருட்டை முடிப் பொண்ணு படத்த எல்லாருக்கும் காட்டுறீங்களே, அதுகிட்டக் கேட்டீங்களா?"

கிளாட்வின் நிஜமாகவே குழம்பினார். மாப்பிள்ளை வீட்டில் கேட்டோம், மாமனார் சரியென்றார் என்றார். ஷஃபீனாவின் கண் பூட்டிய அலமாரிக்குப் போனது. அவர் தானாகவே மேலே பேசினார். உங்கள் வீட்டு ஆல்பத்தை யாருக்கும் காட்ட மாட்டோம், எழுதிக்கூடத் தருகிறேன் என்றார். காட்டுகிற ஆல்பம் இருப்பதால்தான் அவரிடம் ஆட்கள் வருகிறார்கள். தானும் அப்படித்தான் வந்தோம் என்று ஷஃபீனாவுக்குத் தெரியும். அந்த அலமாரி அடுத்த கல்யாணத்தால்தான் நிரம்பும்.

கிளாட்வின் கெட்டவரும் இல்லை. ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு அவரே சொன்னார்:

"அப்டிப் பாத்தா உங்களுக்கு ஆரோக்கியசெல்விதான் சரிக்கா. எங்கிட்ட வேல பாத்துச்சு. இந்த அலமாரி வச்சதுல கோவிச்சுக்கிட்டுப் போன புள்ள. காட்டுறதுக்கு ஒண்ணும் வச்சிக்காது. அதனாலயே பாதிப் பேரு டீ குடுத்து அனுப்பிடுறாங்க அத."

ஷஃபீனா அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியசெல்விக்குப் போன் செய்தாள். பழக்கம் விடுமா? நம் ஆட்களில் யார் யார் வீட்டுக் கல்யாணம் எடுத்திருக்கிறாய், பேரைச் சொல், போய் விசாரிக்கிறேன் என்றாள். ஆரோக்கியசெல்வி, அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரத்துக்கு வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நெரவியிலிருந்து ஒரு பெண். பேர் சொல்லவில்லை.

"ஆரோக்கியசெல்வி பேசச் சொன்னாங்க. படம் நல்லாருக்கு. கேமரா கார்டக் கையில குடுத்துட்டுத்தான் போனாங்க. காட்டச் சொல்லாதீங்க லாத்தா, கோவிச்சுக்காதீங்க."

ஷஃபீனா கோபிக்கவில்லை. அந்தப் படங்களில் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. மோட்டார் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. இருந்தும், அன்றைக்கே ஆரோக்கியசெல்வியை வரச் சொல்லிப் பேசி முடித்தாள். தொட்டுப் பார்க்காமல் அவள் வாங்கிய இரண்டாவது பொருள் என்று அஃபீஃபா வாப்பாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

பேசி முடித்தபோது ஆரோக்கியசெல்வி ஒரு விஷயம் சொன்னாள்: என் கேமரா ஒன்றுதான், வருகிறவர்கள் கையிலெல்லாம் போன் இருக்குமே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? ஷஃபீனா அதை யோசிக்கவே இல்லை.

கல்யாணத்தன்று பெண்கள் பக்க வாசலில் ஷஃபீனா ஒரு சஹன் தட்டோடு நின்றாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் பெரிய தட்டு. வருகிறவர்கள் போனை அதில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். இது என்ன ஏர்போர்ட்டா என்று கேட்டபடியே பெரும்பாலானவர்கள் வைத்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா சுல்தான் பீவி வைக்கவில்லை.

"எம் மருமவள நான் எடுக்க ஒங்கிட்ட உத்தரவு கேக்கணுமா சம்பந்தி? அஜ்மீர் மரைக்காருகூட என்னைய இப்புடி நிறுத்துனது இல்ல."

உள்ளே மணப்பெண் நாற்காலியிலிருந்து அஃபீஃபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமி, நீங்க எடுங்க. எடுத்து யாருக்கும் அனுப்ப மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

சுல்தான் பீவி யோசித்தாள். சிங்கப்பூர், துபாய், திருவாரூர் என்று குடும்பம் மொத்தமும் உள்ள வாட்சப் குழு ஒன்று அவள் போனில் இருந்தது. காலையிலிருந்தே படம் எங்கே படம் எங்கே என்று அது துடித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. "என்னால முடியாது தாயி" என்று போனைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கெல்லாம் ஷஃபீனாவிடம் முகம் கொடுக்கவில்லை. மருமகளிடம் மட்டும் போய்ப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆரோக்கியசெல்வி படங்களைத் தன் வீட்டிலேயே, சொந்த எந்திரத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்தாள். கார்டையும் கொடுத்தாள். ஆல்பம் கிளாட்வின் கடையில் பார்த்ததுபோல மின்னவில்லை. காகிதம் சுமார்தான், ஷஃபீனா தடவிப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். ஒரு படத்தில் கருகமணி கட்டும் கை கொஞ்சம் ஆடிப் போயிருந்தது. மகளின் தாடையில் அன்று காலை கிளம்பியிருந்த பரு எல்லாப் படத்திலும் இருந்தது.

பெருநாளுக்குப் பிறகு அஜ்மீர் வந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை அவர் எதையும் பார்க்கவில்லை. குவைத்தில் அவர் தங்கியிருந்த அறையில் அவரோடு நாலு ஆண்கள். போனில் ஒன்றையாவது அனுப்பு என்று கேட்டபோதெல்லாம் வந்து பாருங்க மச்சான் என்றே ஷஃபீனா சொல்லி வந்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பருவில் வந்ததும் நின்றார்.

"பரீட்சைன்னாலும் வரும் இதுக்கு, அதே எடத்துல" என்றார். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷஃபீனாவின் போன் அடித்தது. அடுப்படிக்கு எடுத்துப் போனாள். தெரியாத ஒரு பெண், மகளுக்குக் கல்யாணமாம். ஆரோக்கியசெல்வி உங்களைக் கேட்டுவிட்டு இந்த எண்ணைக் கொடுத்தார், படம் எப்படி, மாதிரிக்கு ஒன்றே ஒன்று அனுப்புங்களேன் என்றாள்.

"அனுப்ப மாட்டேம்மா. ஒம் மககிட்டக் கேட்டியா?"

"எதக் கேக்கணும் லாத்தா?"

அடுப்பில் பால் பொங்கி வந்தது. ஷஃபீனா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தீயைக் குறைத்தாள். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.