சிங்காரியின் கழுத்து வார்

ஆம்பூர் பஸ்ஸில் சம்பத் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகிவிடும். திமிரியில் கூலிக்காரன் வீட்டில் பிறந்து, மழை பொய்த்த ஒரு வருஷம் பிழைக்க வந்து, தோல் கம்பெனியில் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன் அவன். அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் மசியவில்லை. சொந்தத் தங்கச்சி கல்யாணத்திலேயே அவனைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போட்ட மகராசர்கள் உண்டு. பிள்ளையும் கிடையாது. மனைவி கண்ணம்மாள்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அவன் லுங்கியைத் துவைப்பாள். அந்த நாற்றத்தை மோந்துகொண்டு தெருமுனை வரை வாலாட்டி ஓடிவந்த ஒரே ஜீவன், சிங்காரி என்கிற செவலை நாய்தான். அதன்மேல் அவன் உயிரையே வைத்திருந்தான் என்றால் அதில் என்ன அதிசயம்?

எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில், கழுத்தில் பட்டை இல்லாத நாயையெல்லாம் அடித்துக் கொல்லப்போவதாக ஊரில் தமுக்கு அடித்தார்கள். சிங்காரிக்கு அன்றைக்கே ஒரு பட்டை கட்டிவிடக் கிளம்பினான் சம்பத். பதப்படுத்திய தோலில் ஒரு துண்டுகூடக் கம்பெனியை விட்டு வெளியே போக முடியாது, கேட்டில் சோதனை. கழித்துப்போடும் பச்சைத்தோல் ஓரத்தைத்தான் கேட்பாரில்லை. அதில் ஈரத்தோடு ஒரு வார் அறுத்து வந்தான். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று கழுத்தோடு ஒட்டித் தைத்தான்.

"இனிமே எவனும் உன்னத் தொட மாட்டான்டி" என்று கொஞ்சினான்.

பச்சைத்தோல் வெயிலில் காய்ந்தால் சுருங்கி இறுகும். தினமும் அதைக் கண்ணால் பார்க்கிறவன் அவன். பாவி மனுஷனுக்கு அன்றைக்கு அது தோன்றவேயில்லை.

அடுத்த நாள் வெயில் ஏறியதும் சிங்காரி கழுத்தைப் பிறாண்ட ஆரம்பித்தது. கஞ்சியைத் தொடவில்லை. தடவிக்கொடுக்கப் போன கண்ணம்மாள்மேல் சீறிவிட்டு வேலியைத் தாண்டி ஓடியே போய்விட்டது. சம்பத் வேலை முடிந்து வந்து, தொண்டை கட்டும்வரை பேர் சொல்லிக் கத்தினான். உதவி செய்கிறேன் என்று தெருவே கம்பும் கையுமாகத் துரத்தியது. நாய் இன்னும் தூரமாகப் போனதுதான் மிச்சம்.

மறுநாள் அவனுடைய தோஸ்த், சைக்கிள் கடை மஹபூப் பாஷா, கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டான்.

"சம்பத்து, உன் நாய் பாலாத்துல இருக்குது. வாயில நுரை தள்ளுது. தண்ணிகிட்ட போய்ட்டு குடிக்காம திரும்புது. வெறி புடிச்சிடுச்சின்னு உங்க மேஸ்திரி நந்தகோபால் ஆள் சேர்க்கறான்."

"வெறியா? சிங்காரிக்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? அவங்களுக்கு முன்னாடி நீ போய்ப் புடி. நேத்து மாதிரி கத்தாத, தொரத்தாத. பயந்த நாய் தொரத்தினா ஜாஸ்திதான் ஓடும். தள்ளி உக்காந்து முதுகக் காட்டு. தானா வரும்."

குழியிலிருந்து ஏறிய ஈர லுங்கியோடு சம்பத் ஓடினான். ஆற்றுமணலில், சீமைக்கருவேல மரத்தடியில் நாய் கிடந்தது. அவன் எட்டவே உட்கார்ந்து முதுகைக் காட்டினான். கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கவேண்டும் என்று உடம்பெல்லாம் பதறியது, பார்க்கவில்லை. மேட்டில் ஆட்களின் சத்தம் கேட்க ஆரம்பித்த நேரத்தில், அவன் தொடையில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது.

மெல்லக் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனான். வார் தட்டுப்படவில்லை. மயிருக்குள், சதைக்குள் புதைந்து கிடந்தது. வெறியுமில்லை ஒன்றுமில்லை, விழுங்க முடியாத எச்சில்தான் நுரையாக வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது.

இடுப்பிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து வாருக்கடியில் நுழைத்தான். சிங்காரி நடுங்கிக்கொண்டு பொறுத்துக்கொண்டது. பாதி அறுந்திருக்கும், கூட்டம் வந்துவிட்டது.

"டேய் சம்பத்து, எட்டப் போ!" என்றான் நந்தகோபால்.

"வெறி இல்ல மேஸ்திரி, வார் இறுக்கிடுச்சி! ஒரு நிமிஷம் இருங்க!"

அவசரத்தில் கத்தி சதையில் இறங்கியது. வலி தாங்காமல் சிங்காரி அவன் கையைக் கவ்விவிட்டது. ரத்தத்தைப் பார்த்த கூட்டத்துக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? முதல் அடி மண்டையில் விழுந்தது. அப்புறம் விழுந்த அடியெல்லாம் அவரவர் ஆசைக்கு.

எல்லாம் அடங்கியபின் சம்பத் மிச்ச வாரை அறுத்தெடுத்து நந்தகோபாலிடம் நீட்டினான். மேஸ்திரி வாங்கிப் பார்த்தான்.

"பச்சைத்தோலாச்சே. எவன்டா கட்னது?"

"நான்தான்."

"அப்ப கொன்னது நீதான். எங்கள ஏன் மொறைக்கற?" என்றான். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கம்புகளை மணலில் துடைத்துக்கொண்டு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் காயத்தைக் கழுவினார். "கடிச்சது வெறிநாயா? இல்லேன்னா கட்டு போட்டு அனுப்பிடறேன். வெறின்னா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. பெரிய பெரிய ஆளுங்களே கதறுவாங்க."

"வெறி இல்ல சார்..." என்று ஆரம்பித்தான் கூட வந்த பாஷா.

சம்பத் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். சட்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சில் மல்லாந்து படுத்தான்.

"வெறிநாய்தான் சார். போடுங்க."