கால் ஜன்னல்

"இனிமே முட்டி போடவே கூடாது" என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபோது டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய்ப்பாடு வராமல் வகுப்புக்கு வெளியே முட்டி போட்ட சின்ன வயதில் ஒரு வாத்தியார் வாயிலிருந்தாவது இந்தப் பொன்னான வார்த்தை வந்திருக்கக் கூடாதா? ஆனால் ஆஸ்பத்திரிப் படியை ஒவ்வொன்றாக இறங்கும்போதே சிரிப்பு போய்விட்டது. பிள்ளைகளோடு பேசுவதானாலும் முட்டி, மூக்குத் துடைப்பதானாலும் முட்டி. மழலைப் பள்ளியில் அவருக்கு இருந்த பெயரே முட்டி டீச்சர்தான். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டார். விடுமுறையில் பள்ளிச் சுவரைப் பூசி வெள்ளையடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரே கவலை. கால் ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிட்டால்?

பத்தொன்பது வருடத்துக்கு முன் அவர் சேர்ந்தபோது பள்ளியின் பின்பக்கம் உடைந்த பெஞ்சும் பெயிண்ட் டப்பாவும் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் நாள் முழுக்க நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். பள்ளியை நடத்திய பெரியவரை நச்சரித்து அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சரை வரவழைத்தார். தச்சர் வந்து பார்த்தால், டீச்சர் தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறார்.

"என்னம்மா, கம்மலைத் தொலைச்சிட்டீங்களா?"

"ஒண்ணும் தொலைக்கலை. நாலு வயசு உசரத்துல இங்க என்ன தெரியுதுன்னு பாக்குறேன். நீங்களும் முட்டி போடுங்க."

தச்சர் தலையில் அடித்துக்கொண்டு முட்டி போட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் தெரிந்தது. அன்று எல்லாவற்றையும் அந்த உயரத்திலேயே அளந்தார்கள். மணல் தொட்டி, தண்ணீர் விளையாட ஒரு மரத்தொட்டி, இலையும் கல்லும் அடுக்கத் தாழ்வான பலகை. கடைசியாகத் தெருப்பக்கச் சுவரில், தரையை ஒட்டினாற்போல, கம்பி வைத்த ஒரு சின்னத் திறப்பு.

"இதை ஜன்னல்னு சொன்னா ஜன்னலுக்கே கோவம் வரும். வேணும்னா கால் ஜன்னல்னு சொல்லலாம்" என்றார் தச்சர்.

அவர் சொன்னது கணக்கில் வரும் கால். பிள்ளைகளுக்கோ நடக்கிற காலாகவே அது பொருந்திப்போனது. அதன் வழியாகப் பார்த்தால் போகிற வருகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். எத்தனை கால் போகிறது, எது பெரிது, எது நொண்டுகிறது என்று ஆரம்பித்தவர்கள், ஒரே மாதத்தில் பால்காரர் கால் எது, பேப்பர்காரர் கால் எது என்று தூக்கத்தில்கூடச் சொன்னார்கள். எண்ணிக்கையும் பேச்சும் தானாக வந்தன. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சில வருடம் கழித்துப் பெரியவர் ஒதுங்கிக்கொள்ள, பள்ளி அவர் மகன் கைக்கு வந்தது. வேன் நிறுத்த இடம் வேண்டும் என்று, பின்பக்கம் முழுக்கச் சிமென்ட் போட்டு ஜன்னலையும் அடைக்கக் கொத்தனாரோடு வந்து நின்றார். டீச்சர் குறுக்கே போய் நின்றார்.

"சார், அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை முட்டி போட்டுப் பாருங்க."

"நானா? எட்டாம் கிளாஸோட அதை விட்டாச்சு டீச்சர்."

ஆனாலும் பத்துப் பிள்ளைகள் ஆவென்று பார்த்துக்கொண்டு நிற்கும்போது முடியாது என்று சொல்ல முடியவில்லை. பேன்ட் மடிப்பு கலையாமல் முதலில் ஒரு முட்டி, பிறகு மறு முட்டி. பக்கத்திலிருந்த வாண்டு ஒன்று நகர்ந்து இடம் கொடுத்தது.

"இருங்க சார், இப்ப ஊக்குத் தாத்தா வருவாரு."

வந்தார். வயதான இரண்டு கால்கள் ஜன்னலுக்கு நேராக நின்றன. இடது செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

"தெனமும் வருவாரு சார். நாங்க கத்தினா விரலை ஆட்டுவாரு."

கத்தினார்கள். விரல் ஆடியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகன் மட்டும் சிரிக்கவில்லை. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று தினமும் கிளம்பிப் போகும் அப்பாவின் கால் அது. ஒரே வீட்டில் இருந்தும் அந்த ஊக்கு அவர் கண்ணில் பட்டதே இல்லை.

எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, "வேன் முன்பக்கமே நிக்கட்டும்" என்று கொத்தனாரிடம் சொன்னார். மறுநாள் பெரியவர் புதுச் செருப்போடு வர, பிள்ளைகள் இது வேறு யாரோ என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். விரலை ஆட்டிக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று டீச்சருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போகவும் மனம் வரவில்லை. புது டீச்சர் இருக்கும்போது நாம் போய் மூக்கை நுழைக்கக் கூடாது. சுவரோரமாகத் தெருவிலேயே நடந்தார். ஜன்னல் இருந்தது. கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட்கூட அடித்திருந்தார்கள். குனிந்து ஒரு பார்வை பார்க்கத்தான் முட்டி இடம் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் உள்ளே இருந்து பார்த்த ஜன்னலை இன்று வெளியே நின்று பார்த்தார். போதும், ஜன்னல் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துக் கிளம்பினார்.

உள்ளே மணலில் யாரோ ஓடிவரும் சத்தம்.

"டேய், ஓடியாங்கடா! முட்டி டீச்சர் கால்!"

டீச்சர் திரும்பி வந்து ஜன்னலுக்கு நேராக நின்றார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரலை ஆட்டினார்.