அத்தை தினமும் கேட்கும் கேள்வி

இங்கே மாதா கோயிலுக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பாரிஸுக்கு வெளியே இந்தச் சிற்றூருக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் என்னால் காலணியோடு பூசை காண முடியவில்லை. பெஞ்சுக்கு அடியில் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிடுவேன். பக்கத்தில் உட்காரும் மதாம் பல வாரம் பார்த்துவிட்டு, கால் வலியா என்று கேட்டார். புதுச்சேரியில் எங்கள் நெல்லித்தோப்புக் கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை எந்தப் பிரெஞ்சில் விளக்குவது? "உய்", ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அடுத்த ஞாயிறு களிம்பு வாங்கி வந்து கையில் திணித்தார். நல்ல மனுஷி.

வெளிநாட்டில் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றுகிறாய் என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். குளிர், தனிமை, காலிக் கோயில் என்று நான் புலம்புவேன் என நினைக்கிறார்கள். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. எனக்கு வந்த சோதனை என் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. என் மாமியார். எண்பத்தாறு வயது, ஞாபகம் போய்விட்டது. காலையில் காபி கொடுக்கும்போது கேட்பார், "உங்கம்மா நல்லா இருக்காங்களா?"

இருபது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு என் மகனுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். எங்கள் ஜனத்துக்கு அது கல்யாணம் மாதிரி. மண்டபம் எடுத்து, பிரியாணிக்குச் சொல்லி, ஊரையே அழைத்திருந்தோம். முதல் நாள் நான் மண்டபத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, புதுச்சேரியிலிருந்து என் தம்பி வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான்: அம்மா இறந்துவிட்டார். எடுத்தவர் மாமியார். விசேஷ வீட்டுக்குள் சாவுச் செய்தி வரக்கூடாது என்று என்னிடம் மூச்சு விடவில்லை. தம்பி அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஞாயிறு காலை மறுபடி கூப்பிட்டான். நான் உள்ளறையில் மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். யாரோ வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். "அவ வரமாட்டா, நீங்க எடுத்துடுங்க" என்று மாமியார் அவனிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவைக் குழியில் இறக்கிய நேரம் நான் பட்டுப்புடவையில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை, ஜெபமாலையை முடித்துவிட்டுத்தான் சொன்னார். நான்தான் வர மறுத்தேன் என்று தம்பி இன்றுவரை நம்புகிறான். எவ்வளவு சொல்லியும் பேசுவதில்லை.

அதனால் அவர் கேள்விக்குப் பதில் சொன்னேன். "செத்துட்டாங்க அத்தை. நீங்கதான் எங்கிட்ட சொல்லாம மறைச்சிட்டீங்க." அவருக்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் செய்தி. "நானா? நானா அப்படி செஞ்சேன்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். நான் நின்று பார்ப்பேன். எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். மதியத்துக்குள் மறந்துவிடுவார், மறுநாள் காபியோடு மறுபடி. இரண்டு வருடம் இப்படி ஓடியது. குளிப்பாட்ட வரும் நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. அழும் கிழவியையும் பக்கத்தில் நிற்கும் என்னையும் பார்த்து, "கெல் பாசியான்ஸ், மதாம்" என்று என் தோளைத் தட்டுவாள். என்ன பொறுமை என்று அர்த்தம்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன், அவர் அழுகிறார் என்கிற அளவுக்குத்தான் என் பிரெஞ்சு வந்தது. உண்மை பேசுவது பாவமில்லை மகளே என்று சாமியார் ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். அதற்குமேல் பிரெஞ்சு வராததுபோல் நான் நடித்தது கடவுளுக்குத் தெரியும். இந்தத் தவக்காலத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. மன்னிக்கிற மனசுகூடக் கேட்கவில்லை, அது எனக்கு எட்டாது. நாளைக் காலை ஒரு தடவை வாயை மூடிக்கொள்ளும் பலம் கொடு என்று மட்டும் கேட்டேன். முப்பது நாள் கேட்டும் கிடைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எப்படியோ வந்துவிட்டது. "நல்லா இருக்காங்க அத்தை."

அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப போய் பாத்துட்டு வாயேன். பெத்தவ காத்துக்கினு இருப்பாங்க இல்ல. இன்னும் எதுக்கு இங்கியே நிக்கற?"

இந்த வார்த்தையை அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. நீ கிளம்பினால்தான் காபி குடிப்பேன் என்று அடம் பிடித்தார். "சரி அத்தை, போறேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மாடிப்படியில் நின்றேன். இங்கே படி விளக்கு தானாக அணைந்துவிடும், அணைந்தது. புதுச்சேரியில் தம்பி எனக்குக் கதவு திறக்கமாட்டான். இந்தக் கதவைத் திறக்க எனக்கு மனசில்லை. இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அருள்நிறை மரியே மந்திரம் சொல்லி முடித்தேன். பிறகு சாவியைப் போட்டேன்.

"வந்துட்டியா?" என்றார். "உங்கம்மா என்னா சொன்னாங்க?"

"உங்களத்தான் கேட்டாங்க அத்தை" என்று காபியைச் சூடாக்கப் போனேன்.